புதுப்பிப்பு: போலோவுக்குப் பிறகு ஐ20 என் லைனுடன் ஆறு மாதம்

என் பழைய கார் ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐயை விற்றுவிட்டு, ஹூண்டாய் ஐ20 என் லைன் மேனுவல் (கையால் கியர் மாற்றும் வகை) எடுத்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஆறு மாதம் ஓட்டிவிட்டுச் சொல்லச் சொன்னீர்கள். சரி, இதோ.

இரண்டிலுமே மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின். போலோவின் சக்தி 110 பிஎஸ், இழுவிசை (டார்க்) 175 என்எம். இது 120 பிஎஸ், 172 என்எம். எண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியபோது புரிந்துவிட்டது. போலோவின் ஸ்டியரிங்கைப் பிடித்தால் சாலையே கைக்குத் தெரியும். இதில் ஸ்டியரிங் இலேசு, அந்த நெருக்கம் கொஞ்சம் குறைவு. வளைவுக்கு வளைவு பழைய வண்டி ஞாபகம் வந்தது, உண்மை. இறங்கும்போது மனசு மாறியது. போலோவில் பின்பக்கம் டிரம் பிரேக். இதில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். இரண்டாம் கியரில் விட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் மிதித்தேன். அவ்வளவு நம்பிக்கை.

ஊருக்குள் வேகத்தடைகளில் சஸ்பென்ஷன் சற்று விறைப்புதான். அப்புறம், அம்மாவுக்கு இந்த வண்டிதான் பிடித்திருக்கிறது: பின் சீட்டில் முழங்கால் இடிப்பதில்லை.

போலோவை வாங்கியவர் பக்கத்துத் தெருதான். அது கடந்து போனால் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.