போதைப் பழக்கத்துக்கு யாழ்ப்பாணத்தில எங்க போறது? கண்டதை எழுதுங்கோ

கொக்குவிலான்:

பெரியாஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவு, மத்தியான வெயில். ஒரு தாயும் மகனும். பெடியனுக்கு இரண்டு போர்வை சுத்தியிருக்கு, அப்பவும் பல்லுக் கிடுகிடுக்குது. கையில மயிர் குத்திட்டு நிக்குது, மூக்கால ஓடுது, கண்ணால ஓடுது, கொட்டாவி மேல கொட்டாவி. வரிசையில நிண்ட சனம் தொத்துக் காய்ச்சல் எண்டு விலகி நிண்டுது. தாயும் "காய்ச்சல்" எண்டுதான் துண்டு எழுதுவிச்சவ. பனடோலோட வெளியில வந்து, ஓட்டோ பிடிச்சுப் போட்டினம். தூள் (ஹெரோயின்) நிப்பாட்டினவை எப்பிடி இருப்பினம் எண்டு தெரிஞ்ச ஆருக்கும் அது காய்ச்சல் இல்லை எண்டு விளங்கியிருக்கும். அந்தப் போர்வை இப்பவும் கண்ணுக்க நிக்குது.

சரியான சொல்லைச் சொல்லியிருந்தா அண்டைக்கே மனநலப் பிரிவுக்குப் போயிருக்கலாம். சனத்துக்கு முன்னால சொல்ல வெக்கமெண்டா துண்டில காய்ச்சல் எண்டே இருக்கட்டும், வைத்தியருக்கு முன்னால இருந்த உடன "போதைப் பழக்கம், மனநலப் பிரிவுக்கு எழுதித் தாங்கோ" எண்டு சொல்லுங்கோ. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலயும் மந்திகையிலயும் மனநலச் சிகிச்சை இருக்கு. எல்லாம் இலவசம். அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி, வீட்டில கிடக்கிற குளிசை மட்டைகள் எல்லாத்தையும் கொண்டு போங்கோ. என்ன பாவிக்கிறார், ஒரு நாளைக்கு எத்தினை பக்கற், இழுக்கிறதோ ஊசியோ விழுங்கிறதோ, கடைசியா எத்தினை மணிக்கு எண்டு ஒரு பேப்பரில எழுதிக்கொண்டு போனா அரைவாசி வேலை முடிஞ்சுது. குறைச்சுச் சொன்னா மருந்தும் குறையும், இரவே திரும்பப் பக்கற் தேடப் போவினம்.

நல்லூர் ஒழுங்கை:

இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரி தேவையில்லை. எங்கட ஒழுங்கையில ஒரு தேப்பன் மகனை அஞ்சு நாள் அறைக்குள்ள பூட்டி வைச்சவர். தாய் யன்னல் கம்பிக்குள்ளால தேத்தண்ணி குடுத்துக்கொண்டு அழுதது தெருவுக்கே தெரியும். பெடியன் இப்ப கடையில ஒழுங்கா வேலைக்கு நிக்கிறான். தேப்பனுக்கு நெஞ்சுரம் வேணும், அவ்வளவுதான்.

வடமராட்சித் தாதி:

நல்லூர் ஒழுங்கைக்குத்தான் இது. அந்தப் பெடியன் என்ன பாவிச்சவன் எண்டு நீங்கள் எழுதேல்லை. எல்லாம் அதிலதான் கிடக்கு. ஒரு சாமானுக்குத் தப்பின மாதிரி மற்றதுக்குத் தப்பேலாது.

ஒரு குடும்பம், தகப்பன் இருவது வருசமாக் கசிப்பு (கள்ளச் சாராயம்). ஒரு விரத நாளோட நிப்பாட்டச் சொல்லி அறைக்குள்ள விட்டுப் பூட்டினவை. மூண்டாம் நாள் சுவரில எறும்பு ஊருது எண்டு விரலால ஒவ்வொண்டா நசுக்கிக்கொண்டு இருந்தார். சுவரில ஒண்டும் இல்லை. வீட்டார் பேய் எண்டு கோயிலுக்குக் கொண்டு போய் நூல் கட்டினவை. அங்க வலிப்பு வந்து, பிறகுதான் ஆஸ்பத்திரி. உடம்பு நெருப்பாக் கொதிச்சது.

சாராயம், கசிப்பு எண்டா: நெடுநாளா நாளாந்தம் குடிச்ச ஆள் திடீரெண்டு விட்டா 6 மணித்தியாலத்தில இருந்து கை நடுங்கத் தொடங்கும். முதல் 48 மணித்தியாலத்துக்குள்ள வலிப்பு வரலாம். இரண்டாம் மூண்டாம் நாள் இல்லாததைக் காணுறது, இடம் நேரம் தெரியாமப் புலம்புறது. இதில ஆள் செத்தும் போகலாம். இவை வாட்டில இருந்துதான் விடவேணும். டயசிபாம் குடுத்து நாளுக்கு நாள் குறைச்சுக்கொண்டு வருவினம், விற்றமின் பி1 ஊசி போடுவினம். பி1 போடாம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா மூளைக்குக் கேடு, அதால "ஒரு சேலைன் ஏத்திவிடுங்கோ" எண்டு தனியார் இடங்களில போய்க் கேளாதேங்கோ.

நித்திரைக் குளிசை, பிரிகபலின் (நரம்பு நோவுக்குக் குடுக்கிற குளிசை): இதுகளும் சட்டெண்டு நிப்பாட்டினா வலிப்பு வரலாம். படிப்படியாக் குறைக்கவேணும், எவ்வளவு எண்டது வைத்தியர் சொல்லுற கணக்கு. கன பெடியள் இதைத் தூளோட சேர்த்துப் போடுறவை. இரண்டும் சேர்ந்தா மூச்சை அடக்கும்.

தூள்: கடைசியாப் பாவிச்சு 8 மணித்தியாலத்துக்கும் 24க்கும் இடையில தொடங்கும், இரண்டாம் மூண்டாம் நாள் உச்சம், 5 தொடக்கம் 10 நாளில தணியும். பார்க்கப் பயங்கரம். நோயில்லாத உடம்பெண்டா பெரும்பாலும் உயிர் போகாது, ஆனா வயித்தோட்டமும் சத்தியும் உடம்பைக் காய வைக்கும். ஜீவனி (வயித்தோட்டத்துக்குக் குடுக்கிற உப்புச் சீனித் தூள்) 1 பக்கற்றை 1 லீற்றர் கொதிச்சாறின தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கோ. கரைச்சதை 24 மணித்தியாலத்துக்கு மேல வைக்கக்கூடாது. சலம் போறது குறைஞ்சா, எழும்ப ஏலாமத் தலை சுத்தினா ஆஸ்பத்திரி. இந்த வருத்தத்தைத் தணிக்கிற குளோனிடின் நல்ல மருந்துதான், ஆனா பிறஷரை விழுத்தும், அதால பாமசியில சொல்லி வாங்கிப் போடுற குளிசை இல்லை அது.

ஐஸ் (மெத்தம்பெற்றமின்): இதுக்கு மாற்று மருந்து எண்டு ஒண்டும் இல்லை. விட்டவுடன ஒண்டு இரண்டு நாள் அடிச்சுப் போட்ட மாதிரி நித்திரை, எழும்பிப் பேய்ப் பசி. எழுப்பாதேங்கோ, சாப்பாட்டைப் பக்கத்தில வையுங்கோ. அதுக்குப் பிறகு வாற கிழமைகளில மனம் விழும், அப்பதான் உயிரை மாய்க்கிற யோசனை வரும். தோட்டக் காணி வீடுகளில கிருமிநாசினிப் போத்தல் கொட்டிலில சும்மா கிடக்கும். அதை வீட்டை விட்டே எடுங்கோ. ஆரோ ஒளிஞ்சு பாக்கினம், சாப்பாட்டில நஞ்சு வைச்சிட்டினம் எண்டு கதைச்சா எதிர்த்து வாதாடாதேங்கோ, அண்டைக்கே மனநலப் பிரிவு.

இப்ப சொல்லுங்கோ, பூட்டின அறைக்குள்ள ஆர் இதைப் பாக்கிறது? நெஞ்சுரத்தால வலிப்பு நிக்காது.

நீதிமன்ற வளாகம்:

ஒரு தகப்பன் மகன் அறையில பக்கற் வைச்சிருக்கிறான் எண்டு தானே பொலிசுக்குச் சொன்னவர். நீதிமன்றத்தில மகனை விலங்கோட இறக்கேக்க, "நான் வெருட்டத்தானே சொன்னனான்" எண்டு வாறவை போறவை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு நிண்டார்.

பொருளோட பிடிபட்டா அது வழக்கு. பெற்றோர் முறையிட்டவர் எண்டதால கரைஞ்சு போகாது. ஹெரோயின் 2 கிராமுக்கு மேல எண்டா மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம். 2022ம் ஆண்டின் 41ம் இலக்கத் திருத்தச் சட்டத்தோட ஐஸ் 5 கிராமுக்கு மேலயும் அப்பிடித்தான். நண்பன் "வைச்சிரு" எண்டு தந்த பொதியும் பிடிபட்டவன்ர கணக்கில விழும். சிகிச்சை தேடுறதெண்டா முதல் ஆஸ்பத்திரி. சிகிச்சைக்கு வந்தவரைப் பிடிச்சுக் குடுக்கிறது வைத்தியரின்ர வேலை இல்லை.

"கந்தக்காட்டுக்கு அனுப்பிவிடுங்கோ" எண்டு கேக்கிற பெற்றோருக்கு: அது பொலன்னறுவை மாவட்டத்தில இருக்கிற போதைப் புனர்வாழ்வு நிலையம், ஆக்கள் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவில போற இடம். 2007ம் ஆண்டின் 54ம் இலக்கச் சட்டத்தில தானா விரும்பிப் போற சிகிச்சையும் இருக்கு, மருத்துவ அறிக்கை பாத்து நீதவான் கட்டாயப்படுத்திற சிகிச்சையும் இருக்கு. தானா போறதுக்கு தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின்ர நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ பக்கம் இருக்கு. 1927க்கு அடிச்சு, தமிழில கதைக்க ஆள் கேட்டு, இடம் இருக்கோ, என்ன கடிதம் வேணும் எண்டு விசாரிச்சிட்டு வெளிக்கிடுங்கோ. கந்தக்காட்டில 2022 ஜூனில நடந்த கலவரத்தில ஒரு உயிர் போனது, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினவை. "அங்க விட்டா எல்லாம் சரி" எண்டு நினைக்கிறவை இதையும் தெரிஞ்சு முடிவெடுங்கோ.

இணுவிலார்:

சட்டம் சரி, மருந்து சரி. திரும்பி வந்த பிறகு? ஒரு செத்தவீட்டில தாய் சொன்னது: "மூண்டு மாசம் தொடேல்லை தம்பி, மூண்டு மாசம்." நிலையத்தில இருந்து நல்லா உடம்பு தேறி வந்த பெடியன். பழைய கூட்டாளி ஒருத்தன், பழைய அளவு. குளியலறைக் கதவை உடைச்சுத்தான் எடுத்தது.

விட்டிருந்த காலத்தில உடம்பு பழைய அளவைத் தாங்கிற சக்தியை இழந்து போகும், சில நாளிலயே குறையத் தொடங்கும். மறியலால (சிறையால) வந்தவை, நிலையத்தால வந்தவை, ஆஸ்பத்திரியால வந்தவை எல்லாருக்கும் முதல் கிழமைகள்தான் ஆபத்து. இதை வீட்டாரும் அவருக்கு முகத்துக்கு நேர சொல்லவேணும்.

கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கி, உதடு நீலம் பாய்ஞ்சு, குறட்டை மாதிரிச் சத்தம் வந்து, தட்டினாலும் எழும்பாட்டி 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. காசில்லை, 2018ல இருந்து வடக்கிலயும் ஓடுது. வரும் வரைக்கும் ஆளை ஒரு பக்கமாச் சரிச்சுப் படுக்க வையுங்கோ, சத்தி போனா மூச்சுக்குழாய்க்குள்ள போகாது. மூச்சு நிண்டா நிமிர்த்தி, நாடியை (தாடையை) உயர்த்தி, மூக்கைப் பொத்தி, 5 செக்கனுக்கு ஒருக்கா வாயால ஊதவேணும். தேசிக்காய்த் தண்ணி, பால், உப்புத் தண்ணி ஒண்டும் வாயில விடாதேங்கோ. தலையில தண்ணி ஊத்திறதில பிரயோசனம் இல்லை, நேரம்தான் போகும். அம்புலன்ஸ்காரருக்கு "தூள்" எண்டு சொல்லுங்கோ. நலொக்ஸோன் எண்ட முறிமருந்து சில நிமிசத்தில எழுப்பும், ஆனா அதின்ர வேலை 30 தொடக்கம் 90 நிமிசம்தான், தூள் அதுக்கு மேலயும் நிக்கும். "எழும்பியிட்டான், வீட்ட கொண்டு போறம்" எண்டு துண்டு வெட்டிக்கொண்டு போனா வழியில திரும்ப மயங்குவார்.

ஊசி போடுறவைக்கு இன்னொண்டு: காய்ச்சல் விட்டு விட்டு வந்து, மூச்சு வாங்கினா இதய வால்வில கிருமி இருக்கலாம். "ஊசி போட்டவர்" எண்டு சொன்னால்தான் இரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்த்துப் பாக்கிற சோதனைக்கு) அனுப்புவினம். ஹெபடைற்றிஸ் (ஈரல் அழற்சி) பி, சி, எச்ஐவி மூண்டும் பாக்கச் சொல்லுங்கோ.

சுவிசில இருந்து:

இங்க ஒரு குடும்பம், ஊரில தம்பிக்காரனுக்கு எண்டு குளிசை வாங்கி அனுப்பினவை. சாப்பாட்டில தெரியாமக் கலந்து குடுக்கச் சொல்லி. தம்பிக்காரன் இப்ப வீட்டில பச்சைத் தண்ணியும் வாங்கிக் குடிக்கிறேல்லையாம், தானே கிணத்தில அள்ளிக் குடிக்கிறானாம்.

வடமராட்சித் தாதி:

சுவிசில இருந்து அனுப்பின குளிசை டைசல்பிராம் எண்டா அது குடியை விடுறதுக்கு. உடம்பில இருக்கிறது தெரியாமக் குடிச்சா முகம் சிவந்து, நெஞ்சு அடிச்சு, பிறஷர் விழும். குளிசை விட்டு இரண்டு கிழமை வரைக்கும் அந்த ஆபத்து இருக்கு. நல்ட்ரெக்ஸோன் (தூளின்ர வேலையைத் தடுக்கிற குளிசை) எண்டா, தூள் பாவிச்சுக் கடைசி 7 தொடக்கம் 10 நாள் கழியாம விழுங்கினா மொத்த வருத்தமும் ஒரேயடியாக் கிளம்பும். இரண்டும் நல்ல மருந்துகள். ஈரல் சோதனை பாத்து, ஆளின்ர சம்மதத்தோட குடுக்கிறது.

வலிகாமம் உளவளத்துணை:

சுவிசுக்கும் மற்ற வெளிநாட்டு ஆக்களுக்கும்: காசைக் கையில அனுப்பாதேங்கோ. பாடசாலைக் காசு, கரண்ட் பில், பலசரக்குக் கடைக் கணக்கு, நேர அந்த இடத்துக்குக் கட்டுங்கோ.

அதைவிட இங்க ஒருத்தரும் எழுதாதது, ஆள் வர மறுத்தா என்ன செய்யிறது எண்டு. ஒரு மனுசி பிரதேச செயலகத்துக்கு மூண்டு வயசுப் பிள்ளையோட வந்து, கதவு வரைக்கும் வந்திட்டு, "அவர் வரேல்லை, பிறகு வாறன்" எண்டு திரும்பப் பாத்தவ. அவர் வரத் தேவையே இல்லை. வீட்டார் தனிய வரலாம். பிரதேச செயலகத்தில உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கோ, அங்க தெரிஞ்ச முகம் இருக்கெண்டா சாந்திகம் எண்ட உளவளத்துணை நிறுவனத்துக்குப் போங்கோ. இரவில கதைக்கவேணுமெண்டா 1926, தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம். அடிக்கிறார் எண்டா அதையும் மறைக்காமச் சொல்லுங்கோ, முதல் உங்கட பாதுகாப்பைத்தான் பாக்கவேணும்.

அவரோட கதைக்கிற நேரம் முக்கியம். வெறியில இருக்கேக்கையும் வேண்டாம், உடம்பு முறிஞ்சு கிடக்கேக்கையும் வேண்டாம். காலமை, சாப்பிட்ட பிறகு, ஒரு ஆள் மட்டும். பெரியப்பா சித்தப்பா எல்லாரையும் கூட்டி வைச்சு விசாரிச்சா அண்டைக்கே வீட்டை விட்டுப் போவார். "விடு" எண்டு கேக்காம "வாற கிளினிக்குக்கு ஒருக்கா வா, பிடிக்காட்டி விடு" எண்டு கேளுங்கோ. ஓம் எண்டா அந்த நாளே கூட்டிக்கொண்டு போங்கோ, அடுத்த கிழமைக்கு அந்த ஓம் இருக்காது.

18 வயசுக்குக் கீழ எண்டா, மாவாவோ (பாக்கு, புகையிலை கலந்த போதைச் சாமான்) குளிசையோ, பாடசாலையில பிடிபட்ட உடன விலக்க விடாதேங்கோ. பாடசாலையால வெளியில வந்த பிள்ளை முழு நாளும் விக்கிறவனோடதான் நிக்கும். அதிபர் விலக்கத்தான் போறன் எண்டு நிண்டா 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர இலக்கத்துக்கு அடியுங்கோ.

வீட்டில சலம் சோதிக்கிற கீற்று வாங்கிறவைக்கு: தூளும் ஐசும் பெரும்பாலும் 2, 3 நாள்தான் காட்டும். நெடுநாள் கஞ்சா அடிச்சவருக்கு விட்டு 3, 4 கிழமைக்குப் பிறகும் காட்டும். விட்டவனைப் பொய்யன் எண்டு அடிச்ச வீடுகள் இருக்கு. சோதிக்கிறதெண்டா கிளினிக்கில சோதிக்கட்டும், கொப்பியில எழுதட்டும்.