இலையின் வெள்ளிக்கு என்ன சொல்? தேமல், சுணங்கு, வளிவெள்ளி

வெலிமடையிலிருந்து:

அன்புடையீர், இத்துடன் அனுப்பும் படத்தில் உள்ள செடி இலங்கை மலைநாட்டில் ஹக்கலைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் மதிலின் நிழற்பக்கத்தில் நிற்கிறது. இலை கையகலம். ஓரம் கரும்பச்சை, நடுவே அகன்ற வெள்ளி வளையம், அடிப்புறம் நாவற்பழ நிறம். தண்டு நிமிரவில்லை, மண்ணோடு ஊர்கிறது. வருடக்கணக்காக அதே இடத்தில் இருக்கிறது. கேட்டால் எல்லாரும் “குரோட்டன்” என்கிறார்கள். இது என்ன செடி? பாடசாலைத் தோட்டக் கைந்நூலுக்காக இன்னொன்றும் தெரிய வேண்டும். இந்த வெள்ளிப் பகுதியைத் தமிழில் எப்படி எழுதுவது? “தேமல்” என்று எழுதி வைத்திருக்கிறோம்.

பேராதனையிலிருந்து:

குரோட்டன் இல்லை. குரோட்டன் மரத்தன்மையுள்ள புதர், நிறம் ஏற அதற்கு வெயில் வேண்டும். உங்களுடையது பெகோனியா, அதிலும் ரெக்ஸ் வகைக் கலப்பினம். இதன் மூதாதை அசாம் பக்கத்துச் செடி. 1857 இல் பெல்ஜியத் தாவரவியலாளர் புட்செய்ஸ் அதற்கு பெகோனியா ரெக்ஸ் என்று பெயரிட்டார். இன்று தொட்டிகளில் இருப்பவை பல இனங்கள் கலந்தவை, ஆகவே படத்தைப் பார்த்து வகைப்பெயர் சொல்லிவிட முடியாது.

இலையின் நிறத்தை நம்பாதீர்கள், அடியைப் பாருங்கள். காம்பு வந்து சேரும் இடத்தில் ஒரு பக்கக் காது பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். நடுநரம்பில் மடித்தால் இரு பாதியும் பொருந்தாது. வேம்பின் சிற்றிலைக்கும் அடி சாய்வுதான், அதனால் இந்த ஓர் அடையாளத்தோடு நின்றுவிடக் கூடாது. காம்பு தண்டில் சேரும் இடத்தில் காய்ந்த கடதாசி போன்ற செதில் இருக்கிறதா, மண்மேல் தடித்த வேர்த்தண்டுக்கிழங்கு ஓடுகிறதா என்றும் பாருங்கள். பூத்தால் சந்தேகமே இல்லை. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே செடியில் தனித்தனியாக வரும். பெண்பூவின் பின்னால் சூலகத்துக்கு மூன்று சிறகு இருக்கும், அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட நீளம்.

சாறு புளியாரை மாதிரிப் புளிக்கும் என்பார்கள். பெயர் தெரியாத இலையை வாயில் வைக்கும்படி மாணவருக்குச் சொல்லாதீர்கள். சேம்பினத்து அலங்காரச் செடியாக இருந்தால் அதன் ஊசிப் பளிங்குகள் நாக்கைப் பதம் பார்த்துவிடும்.

இப்படி ஒரு காது பெரிதான அடிக்கு “சாய்வடி” போதும் என்பது என் எண்ணம்.

கோயம்புத்தூரிலிருந்து:

சாய்வடி நன்று. தேமல் மட்டும் வேண்டாம் ஐயா. இங்கே வேளாண் துறையில் அது நோயின் பெயர். உளுந்தில் மஞ்சள் தேமல், மரவள்ளியில் தேமல், எல்லாம் வைரஸால் வருபவை. கைந்நூலில் “தேமல் உள்ள அழகிய இலை” என்று படிக்கும் தமிழ்நாட்டு விவசாயி செடியைப் பிடுங்கி எரித்துவிடுவார்! சங்கப் பாடல்களில் பெண்களின் மேனியில் படரும் பொன்னிறப் புள்ளிக்கு “சுணங்கு” என்ற சொல் உண்டு. அதை எடுத்தால் என்ன?

பண்டாரவளையிலிருந்து:

சுணங்கு அழகான சொல், ஆனால் இலங்கையில் அது ஓடாது. “சுணங்காமல் வா” என்றால் இங்கே பிந்தாமல் வா என்று பொருள். சுணங்கிலை என்று எழுதினால் பிந்தித் துளிர்க்கும் இலை என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

தேமல் எங்களுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. இங்கே அந்த நோய் “சித்திரவடிவ நோய்”. ஆனாலும் இரு கரையிலும் படிக்கப்படும் சொல்லாக இருக்க வேண்டும் என்பது சரிதான். “வெள்ளிப்பூச்சு” என்று வைத்தால்?

பேராதனையிலிருந்து:

பூச்சு என்றால் மேலே தடவியது, துடைத்தால் போவது. பெகோனியாவில் அப்படி ஒன்று உண்மையிலேயே வரும், வெண்தூள் பூஞ்சணம். காற்றோட்டமில்லாத மூலையில், பனிமூட்டக் காலத்தில் இலைமேல் மாவு தூவியது போல் படியும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் நோயை அழகென்று விட்டுவைப்பார்கள்.

வெள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் சொல்லும் கிடைக்கும். பச்சையக் கலங்கள் வெள்ளிப் பகுதியிலும் இருக்கின்றன. ஆனால் மேற்றோலுக்கும் அவற்றுக்கும் இடையில் நுண்ணிய வளியிடைவெளிகள் உள்ளன. அங்குள்ள பச்சையக் கலங்கள் புனல் வடிவில் இருப்பதால் இடைவெளி விழுகிறது. விழும் ஒளியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிவிடுகிறது. நிறமற்ற சவர்க்காரத் தண்ணீர் நுரைத்தால் வெள்ளையாகத் தெரிகிறதல்லவா, அதே சங்கதி. எனவே நான் முன்வைப்பது “வளிவெள்ளி”.

பச்சையமே இல்லாததால் வரும் வெளிறல் வேறு. மஞ்சள் கரையுள்ள மருள் செடியை (சான்செவியரியா) எடுங்கள். அங்கே கரைப்பகுதிக் கலங்களில் பச்சையம் இல்லை. இதை “பச்சையமில் வரி” என்று பிரிக்கலாம். பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் பதிவைக்கும் முறை இதைப் பொறுத்தது. மருளின் இலைத்துண்டை நட்டால் வரும் கன்று முழுப்பச்சை, மஞ்சள் கரை போய்விடும். கரை வேண்டுமானால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும். ரெக்ஸ் இலையை நட்டால் வெள்ளி அப்படியே வரும்.

சோதிக்க லாபில் ஒரு வழி உண்டு. இலையில் சிறு வட்டம் வெட்டி, ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் பாதித் தண்ணீரோடு போடுங்கள். உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளி, முனையை விரலால் அடைத்துச் சிரிஞ்சின் தண்டை இழுத்துப் பிடியுங்கள். இலையிலிருந்து குமிழி வரும். விட்டதும் அந்த இடத்தில் தண்ணீர் ஏறும். இரண்டு மூன்று முறை செய்தால் வளிவெள்ளி மங்கிப் பச்சையாகும். பச்சையமில் வரி வெளிறியே இருக்கும். சிரிஞ்ச் இல்லையென்றால் வெள்ளியை நகத்தால் அழுத்தித் தேய்த்தாலும் தெரியும், ஆனால் கலங்கள் நசுங்கிச் சாறு பரவுவதால் முடிவு அவ்வளவு தெளிவாக இராது.

பூஞ்சணம் ஈரவிரலில் ஒட்டிவரும். சித்திரவடிவ நோயில் திட்டு இலைக்கு இலை வேறாக விழும், குருத்து சுருங்கும். வளிவெள்ளி எல்லா இலையிலும் ஒரே இடத்தில் வரும்.

பண்டாரவளையிலிருந்து:

வளிவெள்ளிக்கு என் வாக்கு. பதிவைக்கும் பகுதிக்கு: முற்றிய ஆனால் பழுக்காத இலையை எடுத்து, அடிப்புறத்தில் பெரிய நரம்புகளை 3 அல்லது 4 இடத்தில் கீறி, கழுவிய மணலும் தென்னந் தும்புத்தூளும் சரிபாதி கலந்த தட்டில் அடிப்புறம் மண்ணில் படும்படி விரித்து, கீறிய இடங்களில் சிறு கல் வையுங்கள். மேலே பொலித்தீன் மூடி, வெயில் நேரே படக் கூடாது. பண்டாரவளையில் 6 முதல் 8 வாரத்தில் கீறலில் குஞ்சிலை எழும்பும். நுவரெலியாக் குளிரில் இன்னும் பிந்தும், அங்கே தை மாசி உறைபனிக்கு முன் தட்டை உள்ளே எடுத்துவிட வேண்டும். கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். பொலித்தீனின் உட்புறம் துளி சொட்டும் அளவுக்கு வந்தால் தினமும் காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் இலை கூழாகிவிடும்.

வெலிமடையிலிருந்து:

நன்றி. செடியைக் கிட்டப் பார்த்ததில் சாய்வடி, கடதாசிச் செதில், மண்மேல் கிழங்கு மூன்றும் இருக்கின்றன. கைந்நூலில் இப்படி மாற்றியிருக்கிறோம்: “ரெக்ஸ் பெகோனியா: சாய்வடி இலையில் வளிவெள்ளி வளையம் உடைய, நிழல் விரும்பும் பல்லாண்டுச் செடி.” தேமலை நோய்ப் பக்கத்துக்கு நகர்த்தி, பக்கத்தில் சித்திரவடிவ நோய் என்றும் போட்டாயிற்று. குரோட்டன் என்ற ஊர்ப்பெயரை நீக்கவில்லை, அந்தப் பெயரில்தான் பிள்ளைகள் தேடுவார்கள்.