டின் மூடி உப்பியிருக்கிறது, சாப்பிடலாமா?

கேட்டவர்:
அலமாரியில் இருக்கும் பீன்ஸ் டின் ஒன்றின் மூடி லேசாக உப்பியிருக்கிறது. அழுத்தினால் 'டக்'கென்று உள்ளே போகிறது, விரலை எடுத்ததும் மேலே வந்துவிடுகிறது. தேதி முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தக்காளி டின் நசுங்கியிருக்கிறது, மீன் டின்னில் கொஞ்சம் துரு. திறந்து முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாமா?

பதில் 1:
பீன்ஸ் டின்னைத் தயவுசெய்து திறக்கவே வேண்டாம். டின் பழுதில்லாமல் இருக்கும்வரைதான் அந்தத் தேதிக்கு மதிப்பு. நல்ல டின்னின் இரு முனைகளும் தட்டையாகவோ சற்று உள்வாங்கியோ இருக்கும். மேலே எழும்பினால் உள்ளே வாயு சேர்ந்திருக்கலாம். கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமி காற்றில்லாத இடத்தில்தான் வளரும். பீன்ஸ், சோளம், மீன், இறைச்சி மாதிரி புளிப்புக் குறைந்த உணவு அதற்குத் தோது. அதன் நஞ்சு மணத்திலோ ருசியிலோ தெரியாது. முகர்ந்து பார்ப்பதை நம்பாதீர்கள், நாக்கில் ஒரு துளிகூட வைக்காதீர்கள்.

கேட்டவர்:
நன்றாகக் கொதிக்க வைத்தால்? தூக்கிப்போட மனசு வரவில்லை அக்கா.

பதில் 1:
புரிகிறது. ஆனாலும் வேண்டாம். கொதியில் நஞ்சு சிதையும், ஆனால் அந்தக் கிருமியின் வித்துகள் (சூட்டைத் தாங்கிக் கிடந்து மறுபடி வளரும் வடிவம்) சாகாது. அதனால்தான் ஆலைகளில் அழுத்தம் கொடுத்து 121 டிகிரிவரை சூடேற்றுகிறார்கள். அதோடு, உப்பிய டின்னைத் திறந்தால் உள்ளே இருப்பது பீய்ச்சியடித்துக் கையிலும் பாத்திரத்திலும் தெறிக்கும். அப்படியே இரண்டு பைகளுக்குள் போட்டுக் கட்டிக் குப்பையில் போடுங்கள். நாய் பூனைக்கும் வைக்க வேண்டாம்.

பதில் 2:
மற்ற இரண்டைப் பற்றி: நசுங்கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நடுப்பகுதியில் லேசான பள்ளம் என்றால் பரவாயில்லை. மூடி சேரும் விளிம்பிலோ பக்கவாட்டு இணைப்பிலோ நசுங்கியிருந்தால், அல்லது பள்ளத்தில் விரல் பதிந்தால், வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போதும். துருவைத் துணியால் துடையுங்கள். போய்விட்டால் மேல்துருதான், தகரத்தை அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். கசிந்து காய்ந்த கறை இருந்தாலும் அப்படித்தான்.

டின்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அடுப்புக்கு மேலேயும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழேயும் கூடாது. ஈரமில்லாத, 29 டிகிரிக்குக் குறைவான இடம் வேண்டும். தக்காளி, அன்னாசி போன்ற புளிப்பானவை தகரத்தை மெல்ல அரிக்கும், அவற்றை 18 மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மற்றவை 2 முதல் 5 வருஷம் தாங்கும்.

கேட்டவர்:
தக்காளி டின் நடுவில்தான் லேசாக நசுங்கியிருக்கிறது, மீன் டின் துருவும் துடைத்ததும் போய்விட்டது. திறந்தபின் மிச்சத்தை டின்னோடு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பதில் 2:
கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி மூடி வையுங்கள். மீன் என்றால் 3, 4 நாள். தக்காளி ஒரு வாரம்வரை.

பதில் 1:
அப்புறம் ஒன்று. சந்தேகமான டின் உணவை யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் கவனியுங்கள். கண் இமை தொங்குவது, எல்லாம் இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது, இவைதான் அந்த நஞ்சின் அறிகுறிகள். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தெரியும், சிலருக்குச் சில நாள் கழித்தும் வரும். ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், என்ன சாப்பிட்டார் என்று சொல்லுங்கள். முறிவு மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.