டிஸ்சார்ஜ் ஆனவர் சில நாளிலேயே ஏன் திரும்பி வருகிறார்? வார்டில் வேலை செய்பவர்கள் கண்டவை

பொது மருத்துவர்

டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆவதைத்தான் பொதுவாகக் கணக்கில் எடுக்கிறார்கள். யாருக்கு அந்த ஆபத்து அதிகம் என்பதை வீட்டுக்கு அனுப்பும் முன்பே ஓரளவு கணித்துவிடலாம். கனடாவில் உருவாகி 2010ல் வெளியான 'லேஸ்' மதிப்பெண் நான்கு கேள்விகளைத்தான் கேட்கிறது: எத்தனை நாள் வார்டில் இருந்தார், அவசரமாக வந்து சேர்ந்தாரா, கூடவே என்னென்ன நோய்கள், முந்தைய 6 மாதத்தில் எத்தனை தடவை அவசரப் பிரிவுக்கு வந்தார். மொத்தம் 19. பத்தைத் தொட்டால் ஆபத்து அதிகம்.

இதய செயலிழப்போடு (இதயம் ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாத நிலை) அவசரமாக வந்து 5 நாள் தங்கிய, சர்க்கரை நோயும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கிய நாளுக்கு 4, அவசர அட்மிஷனுக்கு 3, இதய செயலிழப்புக்கு 2, சிக்கல் இல்லாத சர்க்கரை நோய்க்கு 1. அதற்கு முன் ஒரு தடவைகூட அவசரப் பிரிவுக்கு வராதவராக இருந்தாலும் பத்து வந்துவிட்டது. பார்க்க நன்றாக இருக்கிறார், நடக்கிறார், சிரிக்கிறார் என்பதை வைத்து இவரைச் சாதாரண கேஸாக அனுப்பக் கூடாது.

டிஸ்சார்ஜ் சமயத்து ரத்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 12க்குக் கீழும் சோடியம் 135க்குக் கீழும் இருந்தால் அவற்றையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வேன். ஆனால் மதிப்பெண் யாரைக் கவனிக்க வேண்டும் என்று மட்டுமே சொல்லும். அவர் எதனால் திரும்பி வருவார் என்பதைக் கீழே வரும் விஷயங்களில் தேட வேண்டும்.

மருந்தாளுநர்

முதலில் வீட்டில் கிடக்கும் பழைய அட்டைகள். நோயாளி ஏற்கெனவே ஒரு கம்பெனியின் மெட்டோப்ரோலால் (நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மாத்திரை) சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மருத்துவமனையில் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுப்பார்கள். அட்டையின் நிறம் வேறு, மாத்திரையின் வடிவம் வேறு. புது மாத்திரை, பழைய மாத்திரை இரண்டையும் சேர்த்து விழுங்குவார். நாடித்துடிப்பு ஐம்பதுக்கும் கீழே இறங்கும், தலை சுற்றும், கழிப்பறையில் விழுவார். இடுப்பு எலும்பு முறிவோடு திரும்பி வருவார். மருந்து இரட்டிப்பானது யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே வீட்டிலிருக்கும் மருந்துப் பையை அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயரைப் பார்க்காமல், அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தொடர வேண்டியவை, அளவு மாறியவை, நிறுத்தியவை. நிறுத்தியதைப் பைக்குள் திரும்பப் போடவே கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் புது மருந்துகளை மட்டும் எழுதினால் போதாது. 'இது நிறுத்தப்பட்டது, காரணம் இது' என்ற ஒரு வரி இருந்தே ஆக வேண்டும்.

வயதானவர்கள் மருந்தின் பக்கவிளைவால் அவசரமாக அட்மிட் ஆவதைப் பற்றி 2011ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்றில் இரண்டு பங்குக்கு வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை), இன்சுலின், ரத்தத்தட்டு ஒட்டாமல் தடுக்கும் மாத்திரைகள், சர்க்கரை மாத்திரைகள் ஆகிய நான்கு வகைகளே காரணம். பட்டியலில் இவற்றில் ஒன்று இருந்தாலும் நிதானமாக உட்கார்ந்து பேசுங்கள். ஸ்டீராய்டு கொடுத்தபோது ஏற்றிய இன்சுலினை, ஸ்டீராய்டைக் குறைக்கும்போது சேர்த்துக் குறைக்காவிட்டால் தாழ்சர்க்கரைதான். வார்ஃபரின் எடுப்பவருக்கு மெட்ரோனிடசோலோ கோ-ட்ரைமாக்சசோலோ (இரண்டும் ஆன்டிபயாட்டிக்) சேர்ந்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ஏறும், சில நாளிலேயே திரும்பச் சோதிக்கத் தேதி குறித்துக் கொடுங்கள்.

இதயப் பிரிவு நர்ஸ்

டாக்டர் சொன்ன அந்த நோயாளிக்கு வீட்டில் ஓர் எடை மெஷின் அவசியம். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், ஒரே மெஷினில் எடை பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றைய எடையைச் சம்மரியில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். ஆனால் வார்டு மெஷினும் வீட்டு மெஷினும் ஒத்துப்போகாது. வீட்டுக்குப் போன மறுநாள் காலை எடைதான் அவருக்கு அடிப்படை. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் சேர்கிறது என்று அர்த்தம். மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் அன்றே கூப்பிட வேண்டும்.

தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடை ஊசியாகப் போட்டால் முழுதாக ரத்தத்தில் சேரும். மாத்திரையில் சராசரியாகப் பாதிதான் சேரும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். ஊசியை நிறுத்திய கையோடு அனுப்பிவிட்டால் மாத்திரை வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது. மூட்டுவலிக்குத் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். கேட்டால் "வேற மாத்திரை எதுவும் இல்ல" என்பார்கள். வலி மாத்திரையை அவர்கள் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெயர் சொல்லியே கேளுங்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நாளைக்குக் காலையில எதை எப்போ போடுவீங்க, எடை எவ்வளவு ஏறினா எங்களுக்கு போன் பண்ணுவீங்க?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பில் கட்டி அழைத்துப்போக வருபவரும் வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவரும் பல சமயம் ஒரே ஆள் இல்லை. மருந்து கொடுப்பவர் வரமுடியாவிட்டால் போனிலாவது அவரிடம் பேசிவிடுங்கள்.

நுரையீரல் பிரிவு

சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்டு மூச்சுத்திணறும் நுரையீரல் நோய்) நோயாளி வீட்டுக்குப் போகும் முன் இன்ஹேலரை உங்கள் எதிரில் ஒரு தடவை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அழுத்தும் இன்ஹேலர் என்றால் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, 10 விநாடி அடக்க வேண்டும். பவுடர் இன்ஹேலருக்கு நேர் எதிர்: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டையும் கொடுத்து அனுப்பும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் ஒன்று வீண்தான்.

பிசியோதெரபிஸ்ட்

கட்டிலிலேயே ஒரு வாரம் கிடந்த முதியவரின் தொடைத் தசை வேகமாகக் கரைந்திருக்கும். நிமோனியா தீர்ந்திருக்கும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாது. எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி ஆனாலே விழும் ஆபத்து உண்டு. படுத்த நிலையில் ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் பிரஷர் மாத்திரையை மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். வீட்டில் எத்தனை படி, கழிப்பறை எந்தப் பக்கம் என்பதையும் கேளுங்கள்.

பொது மருத்துவர்

சிஸ்டர் சொன்ன போன் விஷயத்தோடு ஒன்று சேர்க்கிறேன். கல்ச்சர் ரிப்போர்ட் (எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) வர இரண்டு மூன்று நாள் ஆகும். நோயாளி அதற்குள் போய்விடுவார். அவருக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் அந்தக் கிருமிக்கு வேலை செய்யாது என்று ரிப்போர்ட் பிறகு வரும், அதைப் பார்க்க ஆள் இருக்காது. சம்மரியின் கடைசியில் மூன்று விவரம் எழுதுங்கள்: எந்த ரிப்போர்ட் பாக்கி, எந்தத் தேதியில் வரும், யார் பார்த்து நோயாளியைக் கூப்பிடுவார். கூடவே இரவிலும் எடுக்கப்படும் ஒரு எண். இதய செயலிழப்பு நோயாளிக்கு 7 நாளுக்குள் மறுபரிசோதனைத் தேதியை வார்டிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.