குடும்பக் குழு: இரண்டாவது சேவில் மூடிக்கொள்ளும் எடிட்டர்

[காலை 10.42] சித்தப்பா: மதி, எடிட்டர் நேற்று மறுபடியும் தானாக மூடிக்கொண்டது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. சேவ் கொடுத்தேன், ஜன்னலையே காணோம்.

[காலை 10.44] கவின்: நெட் போயிருக்கும் சித்தப்பா. வேறு கணினிக்கு நகல் அனுப்பும் அந்தப் பிளகின் என்ற துணை நிரலைத் தூக்கிவிடுங்கள்.

[காலை 10.47] மதி: தூக்கினால் கோளாறு ஒளிந்துகொள்ளும், தீராது. எழுதியவர்களிடம் சொல்ல வேண்டுமென்றால், நாம் நினைத்தபோதெல்லாம் கிராஷ் ஆக வேண்டும். "சில நேரம் ஆகிறது" என்று எழுதினால் "எங்களுக்கு ஆகவில்லையே" என்று முடித்துவிடுவார்கள்.

[காலை 10.50] சித்தப்பா: அதைத்தான் செய்து பார்த்தேன். வைஃபையை அணைத்துவிட்டு சேவ் கொடுத்தேன், திரும்பத் திரும்பக் கொடுத்தேன். சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது.

[காலை 10.56] மதி: அப்படித்தான் இருக்கும் சித்தப்பா. வைஃபையை அணைத்தால் மறுமுனையிலிருந்து, அதாவது நகலை வாங்கும் கணினியிலிருந்து, பதில் வராது, அவ்வளவுதான். நீங்கள் அனுப்பியதை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வாங்கி வைத்துக்கொண்டு விடாமல் முயலும். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் அது கைவிட ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். அதுவரை எடிட்டருக்கு எல்லாம் ஒழுங்காகப் போவதாகவே தோன்றும். மறுமுனை இணைப்பை மூடுவது இதிலிருந்து வேறு.

[காலை 10.58] அத்தை: தம்பி, எழுதியதை வேறு இடத்தில் பத்திரமாக வைத்தாயா? அதைச் சொல் முதலில்.

[காலை 10.59] சித்தப்பா: வைத்துவிட்டேன் அக்கா.

[காலை 11.03] மதி: இனி எடிட்டரை டெர்மினலிலிருந்து (கட்டளை தட்டும் ஜன்னல்) திறங்கள். அடுத்த முறை மூடிக்கொண்டதும் அதே டெர்மினலில் எக்கோ, ஓர் இடைவெளி, டாலர், கேள்விக்குறி. நிரல் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண் வரும், அதை மட்டும் போடுங்கள்.

[மாலை 5.20] சித்தப்பா: விழுந்தது! 141.

[மாலை 5.24] மதி: சிக்னலால், அதாவது கர்னல் தரும் அறிவிப்பால், நின்ற நிரலுக்கு 128-உடன் அந்தச் சிக்னலின் எண் சேர்ந்து வரும். 128-ஐக் கழித்தால் 13. அது சிக்பைப். மறுமுனை மூடிவிட்ட இணைப்பில் எழுதினால் கர்னல் அனுப்பும் சிக்னல். அதற்கு முன்னேற்பாடு செய்யாத நிரலை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். பிழைச் செய்தி காட்டக்கூட நேரம் இருக்காது. 139 வந்திருந்தால் நினைவகக் கோளாறு, அப்போது கதையே வேறு.

[மாலை 5.49] கவின்: அக்கா, நானும் செய்து பார்த்தேன். நெட்கேட் என்ற சிறு இணைப்புக் கருவியை மறுமுனையாக 9000-ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயில்) கேட்க வைத்து, பிளகினில் முகவரியை 127.0.0.1 (இதே கணினி) என்று மாற்றினேன். எடிட்டர் இணைந்ததும் கன்ட்ரோல் சி போட்டு நெட்கேட்டை நிறுத்தினேன். சேவ் கொடுத்தால் விழவே இல்லை. உங்கள் சிக்பைப் எங்கே?

[மாலை 5.52] அத்தை: நேற்று நான் பக்கத்தில்தானே இருந்தேன். இவன் ஒரு தடவையோடு விடமாட்டான், எப்போதும் இரண்டு தடவை சேவ் அமுக்குவான். இரண்டாவது அமுக்கில்தான் மூடியது.

[மாலை 5.53] மதி: அத்தை!! அதேதான்.

[மாலை 5.55] மதி: கவின், இன்னொரு சேவ் கொடு.

[மாலை 5.56] கவின்: போச்சு 😂 141.

[மாலை 6.02] மதி: மறுமுனை மூடும்போது "இனி நான் அனுப்ப மாட்டேன்" என்றுதான் சொல்கிறது. நாம் அனுப்பலாமா கூடாதா என்பது அதில் இல்லை. அதனால் முதல் சேவைக் கர்னல் மறுக்காமல் அனுப்பிவிடும். அங்கே வாங்க ஆள் இல்லை, இணைப்பை முறிக்கும் ரீசெட் செய்தி திரும்பி வரும். அதன் பிறகு எழுதினால்தான் சிக்பைப். இந்தப் பிளகின் எழுதுவதோடு சரி, இணைப்பிலிருந்து எதையும் வாசிப்பதில்லை போல. வாசித்திருந்தால் மூடிய விஷயம் அப்போதே தெரிந்திருக்கும்.

[மாலை 6.10] கவின்: நிரல் கர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன். முதல் ரைட்டில் (எழுதும் அழைப்பு) எத்தனை பைட் போனது என்று வருகிறது. இரண்டாவதில் மைனஸ் 1, இபைப் என்ற பிழை. அதற்கு அடுத்த வரியே சிக்பைப்.

[மாலை 6.12] மதி: அந்த வரிகளை அப்படியே எடுத்து வை. சிக்பைப்புக்கு நினைவகத்தின் நகலான கோர் கோப்பு விழாது, அதனால் காட்ட நம்மிடம் இருப்பது இதுதான். இன்னொன்று, மற்ற பிளகின்கள், சொந்த அமைப்புகள் எதுவும் இல்லாமல் ஒருமுறை செய். ஈமாக்ஸ் எடிட்டரை மைனஸ் பெரிய க்யூ, விம் எடிட்டரை இரட்டை மைனஸ் கிளீன் சேர்த்துத் திறப்பது போல இதிலும் ஒன்று இருக்கும்.

[மாலை 6.31] கவின்: வெறும் எடிட்டர், அந்த ஒரு பிளகின். ஒவ்வொரு முறையும் விழுகிறது.

[மாலை 6.50] சித்தப்பா: இப்படி எழுதியிருக்கிறேன், பார்: "நெட் சரியில்லாதபோது எடிட்டர் மூடிக்கொள்கிறது. செய்முறை: நெட்கேட்டை 9000-இல் தொடங்கவும். பிளகினை 127.0.0.1-உடன் இணைக்கவும். நெட்கேட்டை நிறுத்தவும். சேவ். ஒரு விநாடி கழித்து மீண்டும் சேவ். வெளியேறும் எண் 141."

[மாலை 6.54] மதி: முதல் வரியை எடுத்துவிடுங்கள். நெட் சரியில்லை என்று படித்ததும் உங்கள் வைஃபையைத்தான் சந்தேகப்படுவார்கள். இது ஒரே கணினிக்குள் நடக்கிறது, வைஃபையே வேண்டாம். "மறுமுனை மூடிய பின் இரண்டாவது சேவில்" என்று மாற்றுங்கள். எடிட்டர், பிளகின், லினக்ஸ் மூன்றின் பதிப்பு எண்ணும் வேண்டும்.

[மாலை 6.55] கவின்: சிக்பைப்பைப் புறக்கணிக்கச் சொல்லி, இபைப் வந்தால் மறுபடி இணையச் சொல்லி நாமே எழுதிவிடலாமா?

[மாலை 6.57] மதி: கடைசியில் ஒரு வரியாகப் போடலாம். எப்படித் திருத்துவது என்பது அவர்கள் பாடு.

[மாலை 7.08] சித்தப்பா: மாற்றிவிட்டேன், பதிப்பு எண்களும் போட்டாயிற்று. கவினின் எஸ்ட்ரேஸ் வரிகளோடு அனுப்பிவிட்டேன்.

[மாலை 7.09] அத்தை: இரண்டு தடவை அனுப்பிவிடாதே.