ஒரே ஆம்ப், பல ஹெட்ஃபோன்கள்: சேர்ந்ததும் சேராததும் (ஒரு கலந்துரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

சுருதிப்பெட்டி

என் மேசையில் இருப்பது ஹெட்ஃபோனுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரண ஆம்ப், வால்வு இல்லாத சாலிட் ஸ்டேட் வகை. நான்கு ஆண்டுகளாக அது சென்ஹைசர் எச்.டி. 650 ஹெட்ஃபோனுடன் ஒரு குறையும் இல்லாமல் பாடிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு வந்திருந்த அக்கா மகன் தன்னுடைய கேம்ப்ஃபயர் ஆண்ட்ரோமெடா இயர்ஃபோனை அதில் செருகிக் கேட்க ஆசைப்பட்டான். நானும் பெருமையோடு செருகிக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் கழற்றி, "நீங்களே கேளுங்கள் மாமா" என்று நீட்டிவிட்டான்.

ஆலாபனை தொடங்குவதற்கு முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் சில நொடிகள் உண்டல்லவா, அந்த இடத்தில் தம்புராவுக்குப் பின்னால் யாரோ பம்பு அடுப்பைப் பற்றவைத்து விட்டுப் போனதுபோல் ஒரே சீறல். குமிழைத் திருப்பினால் சீறல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாட்டுச் சத்தத்தைக் குறைக்கலாம் என்று குமிழைத் தொடக்கத்துக்கு மிக அருகே கொண்டுவந்தபோது, பாடகர் நடுவிலிருந்து எழுந்து இடது ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். வலது காதில்தான் ஏதோ அடைத்திருக்கிறது என்று எண்ணி நான் சுண்டுவிரலால் குடைந்துகொண்டிருக்க, அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 94 டெசிபல் சத்தம் தருவதற்கு எச்.டி. 650க்குச் சுமார் 0.35 வோல்ட் வேண்டும். அந்த இயர்ஃபோனுக்கு 7 மில்லிவோல்ட் போதும். ஐம்பது மடங்கு வித்தியாசம். ஆம்பின் சொந்த இரைச்சல் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் ஒன்று அதைக் காட்டவே இல்லை, மற்றொன்று மேடைபோட்டுக் காட்டுகிறது. ஒலியை எத்தனை மடங்கு பெருக்குவது என்று தீர்மானிக்கும் கெய்ன் சுவிட்ச் ஏற்கெனவே குறைந்த நிலையில்தான் இருக்கிறது. இதே ஆம்பை வைத்துக்கொண்டு அவனுக்கு ஒரு கச்சேரியை ஒழுங்காகக் கேட்கவைக்க வழி உண்டா என்பதே என் கேள்வி.

தவில்வாசல்

உங்களுக்காவது சத்தம் மிஞ்சியது. எனக்குச் சத்தமே போதவில்லை. 300 ஓம் ஹெட்ஃபோனை அனாயாசமாக ஓட்டிக்கொண்டிருந்த ஆம்ப், 50 ஓம் ஹைஃபைமேன் எச்.இ. 6ஐ ஓட்டத் திணறும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நாதஸ்வரம் தனியாக ராகம் வாசித்த வரையில் எல்லாம் சுகமாக இருந்தது. தவில் நுழைந்ததும் ஒவ்வொரு அடியின் நுனியிலும் விறைப்பான காகிதத்தைக் கிழிப்பதுபோன்ற ஒரு 'சரக்'. ஒலிப்பதிவுக் கோளாறு என்று நம்பி, வேறு மூன்று பதிவுகளைப் போட்டுப் பார்த்து, மூன்றிலும் தவிலைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். அதே பதிவைப் பழைய எச்.டி. 650இல் கேட்டபோது கிழிசல் இல்லை என்பது உறைத்த அந்தக் கணம் இன்னும் உறுத்துகிறது.

எச்.இ. 6இன் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே. தவில் அடியின் உச்சம் 110 டெசிபலைத் தொட வேண்டுமானால், கிட்டத்தட்ட 450 மில்லிவாட், அதாவது 4.7 வோல்ட்டும் அதோடு 95 மில்லி ஆம்பியர் மின்னோட்டமும் வேண்டும். அதே உச்சத்துக்கு எச்.டி. 650 கேட்பது 2.24 வோல்ட்டும் வெறும் 7.5 மில்லி ஆம்பியரும்தான். என் ஆம்பால் வோல்ட்டைக் கொடுக்க முடிந்தது, மின்னோட்டத்தைக் கொடுக்க முடியவில்லை. ஓம் குறைந்தால் ஓட்டுவது எளிது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் கையில் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

பழைய ரிசீவர்

மேலே இரண்டு பேரும் தராசை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அப்பா விட்டுப்போன எழுபதுகளின் ஸ்டீரியோ ரிசீவரில் உள்ள ஹெட்ஃபோன் துளையில் சென்ஹைசர் எச்.டி. 600ஐப் பல ஆண்டுகள் கேட்டவன் நான். மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் கும்கி என்ற வழுக்கும் அடிநாதம் இழுபடும்போது அந்த நாதம் தோளில் வந்து உட்காரும். எல்லோரும் சொல்கிறார்களே என்று, அளவீடுகளில் அப்பழுக்கில்லாத ஒரு புதிய சாலிட் ஸ்டேட் ஆம்பை வாங்கிவந்து, அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். வலது முகமான வலந்தலை அட்சரசுத்தமாக இருந்தது. தொப்பியைக் காணோம்! கும்கி வந்தது, ஆனால் பக்கத்து வீட்டில் வந்தது. ஒரே வாரத்தில் அந்த ஆம்பை விற்றுவிட்டேன். உயிர் என்று ஒன்று இருக்கிறது. அதை மில்லிவாட்டில் அளக்க முடியாது.

சால்டரிங் புகை

பழைய ரிசீவர் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கேட்டது பொய் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு வைத்த பெயரைத்தான் மறுக்கிறேன். அந்தக் காலத்து ரிசீவர்களில் பெரும்பாலானவற்றில் ஹெட்ஃபோனுக்கென்று தனி ஆம்ப் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீட்டையே 330 ஓம், 470 ஓம் போன்ற ஒரு மின்தடை வழியாகத் துளைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். எச்.டி. 600இன் இம்பீடன்ஸ், அதாவது ஒலி மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, எல்லா அலைவரிசையிலும் 300 ஓம் அன்று. 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அது ஒரு மேடுபோல எழும்பி, 500 ஓம் அளவுக்குப் போகும். நடுவில் 330 ஓம் தடை இருந்தால், இம்பீடன்ஸ் உயர்ந்த இடத்தில் ஹெட்ஃபோனுக்குக் கூடுதல் வோல்ட் கிடைக்கும். கணக்குப் போட்டால், தொப்பி வாழும் அந்தப் பகுதி மற்றவற்றைவிட 2 டெசிபல் உயர்ந்து நிற்கிறது. உங்கள் புதிய ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஒரு ஓமுக்கும் கீழே இருந்திருக்கும். ஆகவே அந்த 2 டெசிபல் போய்விட்டது. அலைவரிசைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் அதைத் திரும்ப ஏற்றியிருந்தால், ஆம்பை விற்றிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே ரிசீவரில் தவில்வாசல் நண்பரின் எச்.இ. 6ஐச் செருகினால், நீங்கள் சொல்லும் உயிர் வராது. அது தட்டையான சவ்வால் ஒலி எழுப்பும் பிளேனார் வகை; அந்த வகையின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடு. எவ்வளவு தடை வைத்தாலும் சத்தம் குறையுமே தவிர, நிறம் மாறாது. 1996இல் வந்த, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 61938 தரநிலையே வெளியீட்டுக்கு 120 ஓம் என்றுதான் சொன்னது என்பார்கள். அது சாதனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட ஒரு பொதுத் தளம் வேண்டும் என்பதற்காகச் சொன்னது. இன்று 32 ஓம் ஹெட்ஃபோன் வைத்திருப்பவர், ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் அதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாமல், அதாவது 4 ஓமுக்குள், பார்த்துக்கொள்வதே நல்லது.

என் அனுபவம் சிறியது. பெயர் சொல்லாமல் எழுதிய ஒரு பொறியாளர் 2011இல் இலவசமாக வெளியிட்ட ஓ 2 ஆம்பை நானே பலகையில் சால்டரிங் செய்து உருவாக்கி, கெய்னை 6.5 மடங்கில் வைத்து, டிஜிட்டல் பதிவை ஒலி மின்னலையாக மாற்றி 2 வோல்ட் தரும் டி.ஏ.சி. பெட்டியோடு இணைத்தேன். வயலின் கரகரத்தது. குமிழைக் குறைத்தேன், சத்தம் குறைந்தது, கரகரப்பு அப்படியே சிறிய குரலில் தொடர்ந்தது! மூன்று நாள் சால்டரிங்கைச் சந்தேகித்து எல்லா இணைப்புகளையும் மறுபடி உருக்கினேன். அந்த வடிவமைப்பில் குமிழ், பெருக்கும் பகுதிக்குப் பின்னால்தான் வருகிறது என்பதை வரைபடத்தில் கண்டபோதுதான் விளங்கியது: 2 வோல்ட்டை 6.5ஆல் பெருக்கினால் 13 வோல்ட், அந்த ஆம்ப் தரக்கூடியதோ சுமார் 7 வோல்ட். குமிழுக்கு வந்து சேரும் முன்பே அலையின் தலை வெட்டுப்பட்டுவிடுகிறது. கெய்னை 2.5 மடங்குக்கு மாற்றியதும் வயலின் வயலினாகிவிட்டது.

பழைய ரிசீவர்

நீங்கள் 2 டெசிபல் என்று எழுதியதைத்தான் நான் உயிர் என்று எழுதினேன்.

எர்த் இல்லா வீடு

நான் குடியிருப்பது பழைய வாடகை வீடு. மூன்று பின் துளை இருக்கிறது, மூன்றாவது பின்னுக்குப் பின்னால் கம்பி இல்லை. லேப்டாப், டி.ஏ.சி., ஆம்ப் என்று வரிசையாக இணைத்து 32 ஓம் கிராடோ ஹெட்ஃபோனில் கேட்டால், அடியில் ஒரு 'ங்ங்' நிற்காமல் ஒலிக்கும். 250 ஓம் பேயர்டைனமிக்கை மாட்டினால் அது காதுக்கு எட்டாது. அதனால் கிராடோவைத்தான் பழுது என்று நினைத்தேன். ஒருநாள் மின்வெட்டு. இன்வெர்ட்டர் வெளிச்சத்தில், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன்; 'ங்ங்' நின்றுவிட்டது. அன்றுமுதல் சார்ஜரைக் கழற்றிவிட்டே கேட்கிறேன். வீட்டுக்காரரிடம் எர்த் போடச் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

நான்கு பின்

என் கதையைச் சுருக்கிவிடுகிறேன். பேலன்ஸ்டு வெளியீடு மட்டும் உள்ள ஆம்ப். நண்பரின் ஹெட்ஃபோனிலோ சாதாரண 6.35 மில்லிமீட்டர் பின். நான்கு பின் துளையிலிருந்து இதற்கு ஒரு அடாப்டரை நானே செய்து செருகினேன். உள்ளே, கோளாறு என்றால் வெளியீட்டைத் துண்டிக்கும் ரிலே 'டக்' என்றது, லேசாகச் சூடேறிய வார்னிஷ் வாசனை வந்தது. சாதாரணப் பின்னில் இடது, வலது இரண்டின் எதிர்முனைகளும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்; பேலன்ஸ்டு ஆம்பில் அந்த இரண்டும் தனித்தனியாக ஓடும் வெளியீடுகள். நான் இரண்டு ஆம்ப்களை ஒன்றோடொன்று முட்டவிட்டிருக்கிறேன். ரிலே இருந்ததால் பிழைத்தது.

இதைப் படிப்பவர்கள் சிலவற்றை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்னைச் செருகும்போது அதன் வளையங்கள் துளைக்குள் உள்ள வேறு தொடுமுனைகளைக் கடந்துதான் போகின்றன. ஒரு கணம் வெளியீடு தரையோடு சேரக்கூடும். ஆகவே குமிழை முழுவதும் இறக்கிவிட்டுச் செருகுங்கள். ஆம்பை முதலில் இயக்கி, சில நொடி கழித்து ஹெட்ஃபோனை மாட்டுங்கள். நிறுத்தும்போது முதலில் ஹெட்ஃபோனைக் கழற்றுங்கள். பழைய ஆம்பை வாங்கினால், ஒன்றும் செருகாமல் மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து வெளியீட்டைச் சோதியுங்கள். சில மில்லிவோல்ட் இருந்தால் கவலை இல்லை, நூற்றுக்கணக்கில் இருந்தால் உங்கள் ஹெட்ஃபோனின் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) அந்த மின்சாரத்தைச் சுமந்துகொண்டே பாடும். வால்வு ஆம்புக்கு இந்த அச்சம் குறைவு என்று சிலர் சொல்வார்கள்; வெளியீட்டில் டி.சி.யைத் தடுக்கும் கெபாசிட்டரோ டிரான்ஸ்ஃபார்மரோ இருக்கும் வரையில்தான் அது உண்மை. மேலும், உச்சம் 110 டெசிபல் என்று கணக்குப் போடுவது ஆம்பைத் தேர்ந்தெடுப்பதற்கு மட்டுமே. நாள்முழுக்கச் சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் கேட்பவருக்குச் சில ஆண்டுகளில் எந்த ஆம்பும் தேவைப்படாது.

சுருதிப்பெட்டி

அறிவுரைகளுக்கு நன்றி, ஆனால் நான் கேட்டது பம்பு அடுப்பைப் பற்றி. இதற்கிடையில் சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், 75 ஓம் மின்தடையை உள்ளே வைத்த ஒரு சிறிய அடாப்டரை வாங்கிவந்தேன். சீறல் அடங்கிவிட்டது, சத்தம் 17 டெசிபல் இறங்கியதால், குமிழையும் ஓரளவு மேலே, இரு பக்கமும் சமமாக ஒலிக்கும் இடத்துக்கு, ஏற்ற முடிந்தது, பாடகரும் நடுவுக்கு வந்துவிட்டார். நான் வெற்றியோடு அக்கா மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பல்லவி முழுவதும் கேட்டுவிட்டு, "சீறல் இல்லை மாமா. ஆனால் இது என் இயர்ஃபோனே இல்லை" என்றான்.

சால்டரிங் புகை

இல்லைதான். பேலன்ஸ்டு ஆர்மச்சர் எனப்படும் சிறிய ஒலிப்பான்கள் பலவற்றைக் கொண்ட இயர்ஃபோனின் இம்பீடன்ஸ் அலைவரிசைக்கு அலைவரிசை ஏறி இறங்கும். 75 ஓமை வரிசையில் வைத்தால், பழைய ரிசீவர் அவர்களின் தொப்பிக்கு நடந்ததுதான் இங்கே உங்கள் பாடகரின் குரலுக்கு நடக்கும். 47 ஓமை வரிசையிலும், 2.2 ஓமை இயர்ஃபோனுக்கு இணையாகக் குறுக்கிலும் வையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரு ஜோடி. சத்தம் 28 டெசிபல் இறங்கும், இயர்ஃபோன் பார்க்கும் இம்பீடன்ஸோ சுமார் 2 ஓம்தான். மின்தடைகள் நான்கும் சேர்ந்து ஒரு தேநீர் விலைகூட ஆகாது.

சுருதிப்பெட்டி

செய்துவிட்டேன். கை நடுங்கி ஒரு இணைப்பை இரண்டு முறை உருக்கினேன். மல்டிமீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டுகிறது. எச்.டி. 650ஐ அதில் மாட்டினால், எறும்பு பாடுவதுபோல் எங்கோ ஒலிக்கிறது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். அக்கா மகன் நேற்று இரவு ரயிலில் இயர்ஃபோனோடு விடுதிக்குத் திரும்பிவிட்டான். இனிப் பொங்கலுக்குத்தான் வருவான்.