அன்றைக்கு விழாத ஷெல்

இன்னொருவருக்காகத் தன் எழுத்தை மாற்றிவிட்டு, பிறகு மனம் உறுத்தித் தவித்த அனுபவம் உங்களில் யாருக்கேனும் உண்டா? என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியப்பா திருகோணமலை நிலாவெளியில் கரைவலை இழுத்தவர். சிறு வயதில் நான் பார்த்த ஒரு காலையைச் சிறுகதையாக எழுதினேன். கச்சான் காற்று வீசும் மாதம்; எங்கள் பக்கக் கடல் அப்போதுதான் குளம்போல் கிடக்கும். இரண்டு பக்கமும் கயிறு பிடித்து, வலை இழுக்கும் பாட்டான அம்பாவைப் பாடி, வெயில் ஏறும்வரை இழுத்தார்கள். வலையின் மடி கரைக்கு வந்தபோது சூடை மீனும் இல்லை, பாரையும் இல்லை, முழுக்கச் சொறிமுட்டை என்ற ஜெல்லி மீன். ஒருவரும் ஏசவில்லை. பெரியப்பா மடியை உதறிவிட்டு, பாதியில் நின்ற அம்பாவை மறுபடி எடுத்தார். வெறும் வலையை மடிப்பதற்கும் பாட்டு வேண்டியிருந்தது. கதை அவ்வளவுதான்.

ஒரு சஞ்சிகையின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். "நடை நன்றாக இருக்கிறது. ஆனால் திருகோணமலைக் கதையில் போர் இல்லாமல் எப்படி?" என்றார். அச்சில் பெயரைப் பார்க்கும் ஆசை எனக்கு. அன்றிரவே அந்தக் கரையில் ஒரு ஷெல்லை விழுத்தினேன். கயிறு பிடித்தவர்களில் ஒருவரைச் சாகடித்தேன். கதை வந்தது, பாராட்டும் வந்தது.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். கோபப்படவில்லை. "பிள்ளை, அன்றைக்கு ஷெல் ஒன்றும் விழவில்லையே. ஏன் விழுத்தினாய்?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, "விழுந்த நாட்கள் வேறு. அந்த நாட்களில் செத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது" என்றார்.

அதற்குப் பிறகு என்னால் அந்தச் சஞ்சிகையைத் திறக்க முடியவில்லை. கதைக்குக் கற்பனை வேண்டும்தான். ஆனால் அந்தச் சாவை நான் கற்பனை செய்யவில்லை, கேட்டவருக்குச் செய்துகொடுத்தேன். மூன்று வருடம் கழித்து ஷெல்லை எடுத்துவிட்டுப் பழைய முடிவோடு எழுதினேன். இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பினார்கள், இன்னும் வெளிவரவில்லை. பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது அம்பாவின் ஒரு வரியைத் திருத்தித் தந்தார்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்:

எனக்கு ஒரு சொல்லால் வந்த வழக்கு. 2009இல் பாலம் திறக்கும்வரை நாங்கள் திருகோணமலைக்குப் போனது பாதையில்தான். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் அந்த மிதவைக்கு எங்கள் வாயில் வேறு பெயர் இல்லை. "உம்மா பாதையில் ஏறினார்" என்று எழுதியிருந்தேன். வெளியூர் வாசகர் அதைத் தெரு என்று நினைப்பார், படகு என்று மாற்றுங்கள் என்றார் தொகுப்பாளர். படகில் ஏறுகிறவர் வேறு யாருடைய உம்மாவோ. மாற்ற மாட்டேன் என்றேன். அடுத்த வரியில் உம்மாவின் காலடியில் தண்ணீர் தெறிக்க வைத்தேன். அச்சில் பாதை பாதையாகவே இருக்கிறது.

சம்பூரிலிருந்து ஒருவர்:

எனக்கு நேர்மாறு, அக்கா. 2006இல் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தோம். வெளிக்கிடும் முன் அம்மா பின்வளவுக்குப் போய்க் கன்றின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். எதை எழுத உட்கார்ந்தாலும் எனக்கு அந்தக் கயிறுதான் வருகிறது. "இன்னும் எத்தனை காலம் இடப்பெயர்வையே எழுதுவீர்கள்? மகிழ்ச்சியாக ஏதாவது எழுதுங்கள்" என்றார் ஒரு போட்டி நடுவர். முயன்றேன். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் நிற்கும் மான்களைப் பற்றி எழுதினேன். நாலாம் பக்கத்தில் ஒரு மானின் கழுத்தில் கயிறு வந்துவிட்டது. நான் அதைக் கிழித்துப் போடவில்லை. உங்கள் கதையிலிருந்து ஷெல் போனது சரி. என் கதையில் கயிறு இருக்கட்டும். கன்று எந்தப் பக்கம் ஓடியது என்று அம்மாவிடம் இதுவரை கேட்டதில்லை. இந்தக் கிழமை கேட்கப்போகிறேன்.